பார்த்தால்தான் குடிக்கும் என்ஜின்

உட்காருங்கள் அக்கா, இந்த இடம் காலிதான். நர்சம்மா வர இன்னும் நேரமாகும். ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் வரவேண்டுமாம், பெட்டி வருகிற வண்டி வழியில் பஞ்சராம். அதுவரைக்கும் இதுகளை அழவிடாமல் வைத்திருக்க வேண்டியது நம் பாடு. இவன் பெயர் ஆல்வின். உங்களுடையது பெண்ணா? கன்னத்தைப் பாருங்களேன், பேக்கரி பன் மாதிரி.

என்ன, மூக்கைச் சுருக்குகிறீர்கள்? மண்ணெண்ணெய்தானே? அது நான்தான். குளித்துவிட்டுத்தான் வந்தேன். கிளம்புகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் போட்டு என்ஜினுடைய எண்ணெய் டேங்கை ஒரு கை பிடி என்றார், பிடித்தேன். கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது.

இந்த வாடையால்தான் அக்கா என் வீட்டில் இப்போது சண்டை. பெரிய சண்டை இல்லை. நான் பேசுகிறேன், அவர் "விடு தாயி" என்கிறார். மறுபடி பேசுகிறேன், மறுபடி "விடு தாயி". சண்டை என்றால் இரண்டு பேரும் போட வேண்டாமா? நீங்கள் வெளியூர்க்காரர், யார் பக்கமும் இல்லாதவர். கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது புன்னைத்துறையில். பிறந்தது உள்ளே, தேரிக்காட்டில். செம்மண்ணும் முந்திரியும் தவிர எதையும் பார்த்ததில்லை. கடலைப் பார்த்ததே பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன டூரில்தான். அதனால் இந்த ஊரில் என்னை ஜாஸ்பின் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். தேரிக்காட்டுக்காரிதான். அந்தப் பெயரை வைத்தது என் ஓரகத்தி கில்டா அக்கா. இவருடைய அண்ணன் கஸ்பார் அத்தானின் பெண்சாதி. நான் வந்த புதிதில் கையால் அள்ளுகிற நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலையைப் பிடித்துத் தூக்கினேனாம். அதற்கு ஒரு சிரிப்பு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சரி, வாடைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் போட்டை மட்டும்தான் கரையில் விடுவார்கள். என்ஜினும் எண்ணெய் டேங்கும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். கரையில் வைத்தால் எண்ணெயை எவனாவது உறிஞ்சிவிடுவான். வீடு என்றால் எங்களுடையது ஒரு அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தொட்டில், தொட்டிலுக்குக் கீழே இந்த டேங்க். பிளாஸ்டிக் டேங்க்தான், நம் தண்ணீர் கேன் அளவு, கறுப்பு மூடி. ஆல்வினுக்கு அந்த வாடை ஆகாது. தும்முவான், பால் கக்குவான். எனக்கும் ஆகாது, ஆனால் சொன்னால் தேரிக்காட்டுக்காரி என்பார்கள்.

மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது, பின்னே எங்கேயிருந்து வாடை வருகிறது என்று ஒருநாள் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பார்த்தால், உள்பக்கத்தில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை! செய்தவன் அடைக்க மறந்துவிட்டான். எவ்வளவு காசு வாங்குகிறார்கள், ஒரு ஓட்டையை அடைக்க முடியவில்லை பாருங்கள். குழாய் ஒழுகினால் இரண்டு உருண்டையை ஒன்றாகப் பிசைந்து ஒட்டுவோமே, அந்த சீல் வீட்டில் இருந்தது. அதைக் கிள்ளியெடுத்தேன். சும்மா ஒட்டினால் சாம்பல் நிறத்தில் அசிங்கமாகத் தெரியும். ஆல்வினுடைய கண்மையில் கொஞ்சம் கலந்து பிசைந்தேன். கறுப்போடு கறுப்பு. விரலை நனைத்து ஒரு தடவு. அங்கே ஓட்டை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோற்று வாசனை வந்தது அக்கா! சொன்னால் இவர் ஏதாவது குறை சொல்வார் என்று சொல்லவில்லை. வாடை போய்விட்டது, போதும்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகிற நாள் இல்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு மாதா சீட்டு விழுந்தது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மாதா சுரூபத்தைப் போட்டில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று கொண்டுவருவார்கள். மற்ற போட்டுகளெல்லாம் கொடி கட்டிப் பின்னால் வரும். எந்தப் போட்டு மாதாவைச் சுமக்கிறது என்பது சீட்டுக் குலுக்கித்தான். எப்படித்தான் விழுமோ, கஸ்பார் அத்தானுக்கே விழுந்துகொண்டிருந்தது. கில்டா அக்கா அந்த நாளில் மாதாவுக்கே மாமியார் மாதிரி நடப்பாள். இந்த வருஷம் பங்குச் சாமியார் குடத்தில் கைவிட்டு எடுத்துப் படித்தார், "லிகோரி." இவர் பெயர்தான். அக்கா, இவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அண்ணனுக்குப் பின்னாலேயே நின்று பழகின ஆள். எல்லாரும் திரும்பிப் பார்க்கவும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைக்கப் போனார், அது பையில்லாத சட்டை.

மறுநாளே என்ஜின் நின்றது.

கரையிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் போகும். ஒரு பாட்டுப் படிக்கிற நேரம் போகும். அப்புறம் இருமும், இழுக்கும், நின்றுவிடும். இவர் குனிந்து பார்ப்பார், டேங்க் மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார், கயிற்றைப் பிடித்து இழுப்பார், கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரத்தில் அதே கதை. எண்ணெயில்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றித் தெளியவைத்துப் பார்த்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தங்குமாம். ஒரு சொட்டு இல்லை. எண்ணெயையே மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாயைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பார்த்தார். வரவில்லை.

மெக்கானிக் தொபியாஸ் மாமா வந்தார். கரையிலேயே டிரம் தண்ணீரில் என்ஜினை இறக்கி ஓட்டினார். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ராஜா மாதிரி ஓடியது.

"என்னலே, நல்லாத்தான ஓடுது?"

"கடல்ல நின்னுருது மாமா."

"காத்துத் திருகைத் திறந்தியா? டேங்குக்குள்ள காத்து போனாத்தாம்ல எண்ணெய் வெளிய வரும்."

"அதத் திறக்காம போவேனா? பச்சப்புள்ளையா நான்?"

உண்மைதான். மூடிக்கு மேலே சின்னதாக ஒரு திருகு இருக்கும், அதைத் திறந்துவிட்டுத்தான் இவர் கிளம்புவார், வீட்டுக்கு வந்தால்தான் இறுக்க மறப்பார். நானே பார்த்திருக்கிறேன். தொபியாஸ் மாமா கார்பரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்தார். ஊதினார், துடைத்தார், மாட்டினார். மறுநாள் அதே இடத்தில் நின்றது. குழாய்க்கு நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப் ஒன்று உண்டு. அது சப்பிப்போய்க் கிடந்ததாம். அது பழசு என்று புதிது வாங்கினோம். புதிதும் சப்பியது.

இருங்கள், உங்கள் பிள்ளை ஏன் இப்படிச் சிணுங்குகிறாள்? பாட்டிலைக் கொடுங்கள். பார்த்தீர்களா, நிப்பிள் உள்ளே ஒட்டிக்கொண்டது. உறிஞ்சி உறிஞ்சிப் பார்க்கிறாள், பால் வரவில்லை. மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ம், கேட்டதா சத்தம்? காற்று உள்ளே போனால்தான் பால் இறங்கும். இந்தா, குடி தங்கம். இது கூடத் தெரியாமல் எத்தனை பேர் பிள்ளையை அடிக்கிறார்கள் தெரியுமா? நர்சம்மா தலை தெரிந்ததும் பாட்டிலைப் பைக்குள் போட்டுவிடுங்கள். பாட்டில் பாலே கூடாது என்பவர், பார்த்தால் நம்மைத்தான் முதலில் குத்துவார்.

எங்கே விட்டேன்? ஆங், பல்ப். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது அக்கா, இது எண்ணெயும் இல்லை, என்ஜினும் இல்லை, கண் பட்டது. சீட்டு விழுந்த மறுநாள் நிற்கிறது என்றால் வேறு என்ன? கில்டா அக்காவோ தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லாரிடமும், "எங்க கொழுந்தன் என்ஜினுக்குச் சீக்காம்ட்டி. மாதாவ நடுக்கடல்ல நிறுத்திட்டு நீச்சலடிச்சா வரச் சொல்ல முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர்க் கமிட்டிக்கும் பயம் வந்துவிட்டது. தலைவர் வீட்டுக்கே வந்தார். "வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டு லிகோரி. நிக்காம ஒரு சுத்து வந்தா உன் போட்டு. நின்னுச்சுன்னா கஸ்பார் போட்டு. வருத்தப்படாத."

இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குக் கடல் தெரியாது. ஆனால் இவர் சாப்பிடாவிட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும். "நானும் போட்டுல வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு? வாந்தி எடுப்ப."

"எடுத்தா எடுக்கேன். டேங்குல யாரோ என்னத்தையோ போடுதாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன்."

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறினேன். கமிட்டி ஆட்கள் முன்னால், இவர் கடைசியில் என்ஜினோடு, நான் நடுவில் டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறையைத் தாண்டினதும் ஆரம்பித்தது இருமல். உள்ளே என்னதான் கிடக்கிறது பார்ப்போம் என்று மூடியைத் திறந்தேன். புஸ் என்று ஒரு மூச்சு விட்டது. எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் எண்ணெய். மூடினேன். பார்த்தால் என்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது! கொஞ்ச நேரத்தில் மறுபடி இருமல். மறுபடி திறந்து எட்டிப் பார்த்தேன். மறுபடி ஓடியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது அக்கா. என் ஆல்வின் இப்படித்தான். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுத்தால் குடிப்பான், திரும்பிக்கொண்டால் குடிக்க மாட்டான். இந்த என்ஜினும் அப்படி. பார்த்தால்தான் குடிக்கும். ஆண்கள் யாருக்காவது இது தெரியுமா? கார்பரேட்டரைப் பிரிக்கத்தான் தெரியும்.

நிற்காமல் ஒரு சுற்று வந்து கரையேறினோம். என்ஜின் சத்தத்தில் புஸ் கேட்காது, இவருக்குத் தெரிவது என் முதுகுதான், அதனால் நான் செய்தது யாருக்கும் தெரியாது. இவர் முந்தின நாள் பிளக்கைத் துடைத்ததால்தான் ஓடியது என்று எல்லாரிடமும் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். புருஷன் சாப்பிட்டால் போதும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் விருந்தாட்கள். அன்றைக்குக் கில்டா அக்கா பலகாரத் தட்டோடு வந்தாள், வேவு பார்க்க. வாசலிலேயே நின்று மூக்கை இப்படி உறிஞ்சினாள்.

"ஏட்டி, உங்க வீட்ல மட்டும் எப்படிட்டி வாடையே இல்ல? என் சம்பந்தி வீட்டாளுக வந்திருக்காக. டேங்கு வாடையில சாப்பிட மாட்டேங்காக."

பகை வேறு, வாடை வேறு அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. சீலும் கண்மையும் எடுத்துக்கொண்டு போனேன். கஸ்பார் அத்தான் கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தேன். கில்டா அக்கா மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேரிக்காட்டுக்காரிக்கு இவ்வளவு கைவேலையா!" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் தெருவில் மற்ற வீட்டு மூடியையும் அடைத்திருப்பேன். அடைத்தேன். அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஆல்வினுடைய கண்மை டப்பாவில் அவன் கண்ணுக்கு மட்டும்தான் மிச்சம்.

திருவிழா அன்று மாதா ஏறினாள். சாமியார் ஏறினார், மேளக்காரர்கள் ஏறினார்கள், பாட்டுக் குழுவோடு நானும் ஏறினேன். டேங்கை அலங்காரத் துணிக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் மாதா காலடியில் உட்கார்ந்துகொண்டேன். ஜெபமாலை தொடங்கியது. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என்று நான் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தேன். ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணியும் உருட்டி முடிந்து "பிதாவுக்கும் சுதனுக்கும்" சொல்லும்போது எல்லாரும் தலை குனிவார்கள் அல்லவா? நானும் குனிவேன். குனிந்து துணிக்குள் கையை விட்டு மூடியைத் திறப்பேன். புஸ். எட்டிப் பார்ப்பேன், "குடிடா கண்ணு" என்பேன், மூடுவேன். சாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிரசங்கத்தில் சொன்னார், இந்தக் காலத்தில் இப்படித் தாழ்ந்து வணங்குகிற பெண்ணைப் பார்க்க முடியாது என்று.

பாறையைத் தாண்டினோம். அப்போதுதான் பின்னால் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. திரும்பினேன். ஐயோ அக்கா! எங்கள் தெருப் போட்டு ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒன்று கிளம்புகிறது, அதற்குள் மற்றது நிற்கிறது. கொடியெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக. ஆட்கள் எழுந்து நின்று கயிற்றை இழுக்கிறார்கள், ஒருத்தரையொருத்தர் ஏசுகிறார்கள். கஸ்பார் அத்தான் இழுத்த இழுப்பில் ஸ்டார்ட்டர் கயிறே கையோடு வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் பட்டுச் சேலையோடு போட்டுக்குள் உட்கார்ந்து மாதாவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் போட்டு ஒன்றுதான் நிற்கவில்லை.

இவர் போட்டைத் திருப்பினார். அண்ணன் பக்கத்தில் கொண்டுபோய்க் கயிற்றை வீசினார். கஸ்பார் அத்தான் கொஞ்ச நேரம் அந்தக் கயிற்றையே பார்த்தார். அப்புறம் குனிந்து கட்டினார். மாதா முன்னால், அண்ணன் போட்டு பின்னால், இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். கரையில் நின்ற சனம் கை தட்டியது. கில்டா அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

இதுவரைக்கும் சரிதானே? இனிமேல்தான் நியாயம் கேட்க வேண்டியது.

மறுநாள் இவர் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தெருப் போட்டெல்லாம் ஒரே நாளில் எப்படி நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். கையில் எங்கள் டேங்க் மூடி. ஊக்கால் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஆல்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்தார். ஆல்வின் கண்ணைப் பார்த்தார், அதிலே இருந்த மையைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். அப்படியே மணலில் மல்லாந்து விழுந்து சிரித்தார் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்னவென்று கேட்டால் சொல்ல முடியவில்லை, கண்ணில் தண்ணீர். பேர் கிடைத்த சந்தோஷம் சில பேருக்கு மறுநாள்தான் ஏறும் போல.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய், "மூடியைக் கொடுங்க, கழுவித் தாரேன்" என்று வாங்கிக் கழுவிக் கொடுத்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பேர் வந்ததும் ஊருக்கு உழைக்கிற குணமும் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த என்ஜினும் நிற்கவில்லை. எங்களுடையதும் யாரும் பார்க்காமலே குடிக்கிறது. மாதா ஏறி இறங்கின போட்டு அல்லவா. ஆனால் வாடை திரும்ப வந்துவிட்டது. சீல் உதிர்ந்துபோச்சாம். இன்னொரு தடவை ஒட்டட்டுமா என்று கேட்டேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் தாயி, நீ செஞ்சது போதும்" என்றார். நான் சிரமப்படக் கூடாதாம். டேங்க் வைக்க வீட்டுக்கு வெளியே தகரக் கொட்டில் ஒன்று அவரே போடுகிறார். குணத்துக்குக் குறைவில்லை.

ஆனால் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க் கூட்டம். தலைவர் எழுந்து, "அடுத்த வருஷம் சீட்டே வேண்டாம். நிக்காத போட்டு லிகோரி போட்டுதான். அதுலதான் மாதா ஏறணும்" என்றார். ஊரே ஆமாம் என்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இவர் எழுந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணன் போட்டுக்கே குடுத்துருங்க" என்றார்.

"ஏம்ல?" என்றார் தலைவர்.

"அண்ணன் என்ஜின் நல்ல என்ஜின். அன்னைக்கு நின்னது அதோட தப்பு இல்ல."

இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? கையில் வந்ததை, தன் வாயாலேயே, ஊர் முன்னால்! கஸ்பார் அத்தான் தம்பியையே பார்க்கிறார். கில்டா அக்கா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை. தேரிக்காட்டுக்காரிதானே, எழுந்தால் என்ன?

"சரி, அத்தான் போட்டே போகட்டும். ஆனா டேங்கு பக்கத்துல நான்தான் உக்காருவேன். எண்ணெய் விஷயம் பூரா என் பொறுப்பு" என்றேன்.

"அப்படிச் சொல்லுட்டி!" என்றாள் கில்டா அக்கா. ஊரே கை தட்டியது. தொபியாஸ் மாமா கூட.

இவர் மட்டும் தட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கு குலுங்கென்று குலுங்கின. கொடுத்தது கொடுத்ததுதான் என்றாலும் மனசு வலிக்காமல் இருக்குமா? நான் ஆண்கள் பக்கம் போய், அவருக்கு முன்னால் நின்று முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் அழுகிறார், யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா.